வலது கால் என்ன பாவம் செய்தது?

"ஏங்க... உங்க காலைக் கொஞ்சம் குடுக்கிறீங்களா?"

செவந்திக்குச் சுருக்கென்றது. எக்ஸ்ரே எடுத்துவிட்டுச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்த வார்டு ஆள் மலையாண்டி, மழைச் சாரல் படாத இடமாகப் பார்த்து வராந்தாவில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். இடது காலில் முழங்காலுக்கு மேல்வரை மாவுக்கட்டு. வலி உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் யாரடா அது, காலைக் கடன் கேட்கிறவன்?

வராந்தாக் கோடியில் ஒரு மேஜை. அதன்மேல் ரேடியோ மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி. அதன் திருகைத் திருகிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமலே கேட்டிருந்தான் அந்த ஆள். அவன் பார்வையில் பட்டது அவளுடைய வலது பாதம் மட்டும்தான் போலிருக்கிறது.

"ஒண்ணுதான் இருக்கு சார். இன்னொண்ணு ரிப்பேர். எது வேணும், சொல்லுங்க" என்றாள்.

நிமிர்ந்தான்.

அடடா... அந்தக் கண்கள்! அவை கண்ணாடிக்குப் பின்னால் திடுக்கிட்டு, பிறகு மாவுக்கட்டைப் பார்த்து, பிறகு அவள் முகத்தைப் பார்த்து, பிறகு எங்கே போவதென்று தெரியாமல் பெட்டிக்கே திரும்பிப் போயின. காது மடல் சிவந்துவிட்டது. ஆம்பளைக்குக் காது சிவந்து செவந்தி அதுவரை பார்த்ததில்லை.

"மன்னிச்சுக்கங்க... பார்க்க வந்தவங்கன்னு நெனச்சுட்டேன்."

"பார்க்க வந்தவங்க கால்னா என்ன செய்வீங்க?"

"அளப்பேங்க."

"டெய்லரா?"

சிரித்துவிட்டான். சிரிப்பில் ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று செவந்தி மழையைப் பார்த்தாள். புதுக்கோட்டையில் மழை பெய்வதே அபூர்வம். பெய்தால் இப்படித்தான், வேப்பமரம் கூரை எதுவும் தெரியாமல் கொட்டித் தீர்க்கும்.

அவன் பெயர் தங்கமுத்து. திருச்சியில் ஒரு காலேஜில் பௌதிகம் படித்து, அங்கேயே ஆராய்ச்சி. இரும்பில் விரிசல் பார்க்கிற மெஷினை எலும்புக்குத் திருப்பிவிட்டிருந்தான். அவனுக்கு இந்தப் பக்கத்து ஊர்தான் என்பதால், எலும்பு டாக்டர் இன்னாசியிடம் கெஞ்சி வராந்தாவில் ஒரு மூலையை வாங்கியிருந்தான்.

"இது சத்தம் போடும். ஆனா நமக்குக் கேக்காது" என்றான்.

"கேக்காத சத்தத்தைப் போட்டு என்ன ஆகப்போகுது?"

"எலும்புக்குக் கேக்குமே..." அவன் குரலில் சட்டென்று ஓர் ஆர்வம் வந்து உட்கார்ந்துகொண்டது. கையில் ரெண்டு உலோகக் குமிழ்களை எடுத்துக் காட்டினான். "இதுலேருந்து சத்தம் எலும்புக்குள்ள எறங்கி ஓடி, அந்தக் குமிழுக்கு வரும். நல்ல எலும்புன்னா வேகமா ஓடி வந்துரும். ஒடிஞ்ச எடம் இருந்துச்சுன்னா தடுக்கி, தயங்கி, லேட்டா வரும். எலும்பு ஒட்டிக் கூடக் கூட, லேட்டு கொறையும். இந்தப் பச்சைத் திரையில அலை எங்க எழும்புதுன்னு பார்த்து நேரத்தைப் படிக்கணும். எண் சின்னதா இருந்தா நல்லது. ஆனா அழுத்தம் ஒரே மாதிரி இருக்கணும். கை ஆடினா எண்ணும் ஆடிரும்."

"நல்ல எலும்பு எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே ஒடிஞ்சதைச் சொல்ல முடியும்? அதுக்குத்தான் வர்றவங்க போறவங்க காலெல்லாம் கேக்குறீங்களா?"

அவன் அசந்துபோனான். "ஆமாங்க!"

"யார் யார் காலை அளந்தீங்க?"

"வார்டு ஆளுங்க, பஸ் ஸ்டாண்டு போர்ட்டருங்க, அரிசி மண்டியில மூட்டை தூக்கறவங்க..."

செவந்திக்கு வலியை மீறிச் சிரிப்பு வந்தது. "எல்லாம் ஆம்பளைக் கால். அதுவும் மூட்டை தூக்குற கால்! இதுக்குச் சராசரி எடுத்து வெச்சுக்கிட்டு எங்க ஆத்தா காலை அளந்தீங்கன்னா, ஒடியாத காலையே ஒடிஞ்சிருக்குன்னு சொல்லிருவீங்க சார். அவங்கவங்க நல்ல காலோட அவங்கவங்க ஒடிஞ்ச காலைச் சேர்த்து வெச்சுப் பாருங்க. ஊரான் காலு எதுக்கு?"

அவன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டான்.

"நீங்க... என்ன வேலை பார்க்கறீங்க?"

"புள்ளியியல் ஆபீஸ். வயல்ல வெளைச்சல் அளக்குற வேலை. டெம்பரவரிதான்."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது. ஏனென்றால் அங்கேதான் அவள் பயம் எல்லாம் இருந்தது.

விஷயம் இதுதான். புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய்ப் பதினைந்து வருஷம் ஆகியும், இலுப்பூர்ப் பக்கத்தில் ஒரு பொம்பளைப் பிள்ளை பி.எஸ்ஸி. படித்துவிட்டு வயல் வரப்பில் டேப்பும் தராசுமாக அலைவதை ஊர் இன்னும் ஜீரணிக்கவில்லை. அவள் வேலை லேசுப்பட்டதும் இல்லை. வயலில் எந்த இடத்தில் அறுத்து எடை போடுவது என்பதை அவள் தீர்மானிக்க முடியாது, வயல்காரச் சம்சாரியும் தீர்மானிக்க முடியாது. சீட்டுக் குலுக்கின மாதிரி ஆபீஸில் கொடுத்த ரேண்டம் நம்பர் தீர்மானிக்கும். இத்தனை அடி கிழக்கே, இத்தனை அடி வடக்கே... அங்கே முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்ட வேண்டும். கட்டத்துக்குள் விழுந்ததைத்தான் அறுக்க வேண்டும். "நல்லா வெளைஞ்ச பக்கமா வெட்டும்மா" என்பார்கள் சிலர். வரிக்குப் பயந்து "அந்தச் சொத்தைப் பக்கமா வெட்டேன் தாயி" என்பார்கள் சிலர். செவந்தி யாருக்கும் அசைய மாட்டாள். நம்பர் விழுந்த இடம்தான் இடம்.

அந்த வருஷம் கடலை பறிப்பில் நம்பர் ஒரு பழைய கிணற்றுச் சரிவை ஒட்டிப் போய் விழுந்தது. "ரெண்டடி தள்ளி அடிம்மா, யாரு பார்க்கப் போறா?" என்றார் வயல்காரர். இவள் கேட்டால்தானே? முளை அடிக்கக் குனிந்தாள். ஈர மண் சரிந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு ரெண்டாகப் போயிற்று.

தை அறுப்புக்குள் நடந்தால்தான் வேலை தங்கும். எலும்பு கூடாவிட்டால் மதுரைக்குப் போய், இடுப்பு எலும்பில் கொஞ்சம் வெட்டி முறிவில் வைத்துத் தைக்கிற ஆபரேஷன். பிறகு ஒரு வருஷமோ என்னமோ... அதற்குள் அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். அவள் அப்பா ரெங்கசாமி எதுவும் வெளியில் சொல்லவில்லை. ஆனால் மகள் தூங்குகிறாள் என்று நினைத்து, மாவுக்கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கையின் கனத்தை அவளால் தாங்கவே முடியவில்லை.

தங்கமுத்து குமிழ் வைத்து அளக்கட்டும் என்று, டாக்டர் இன்னாசி மாவுக்கட்டில் முறிவுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, ரெண்டு சின்ன ஜன்னல் வெட்டிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் கால் ஒடிந்தால் மாதக்கணக்கில் கட்டில்தான். வாரா வாரம் தங்கமுத்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வார்டுக்கு வருவான். பெட்டி சூடாக நேரம் எடுக்கும். அந்த நேரமெல்லாம் பேச்சுத்தான்.

"இதென்ன சார், விளக்கெண்ணெய்?"

"குமிழுக்கும் தோலுக்கும் நடுவுல காத்து இருந்தா சத்தம் உள்ள போகாதுங்க. எண்ணெய் வெச்சா வழுக்கிக்கிட்டுப் போயிரும்."

"நல்லவேளை, குடிக்கச் சொல்லல."

அடுத்த கட்டிலில் மீமிசல் ரஹீமா பீவி. மீன் ஏலத்தில் வழுக்கி விழுந்து கையை ரெண்டு இடத்தில் ஒடித்துக்கொண்டு, புண் ஆறாமல் வார்டிலேயே தங்கிப்போனவர். "தம்பி, எனக்கும் கொஞ்சம் வெச்சுப் பாருங்க. எங்கிட்டுப் போனாலும் எந்திரத்த அந்தப் புள்ள கட்டில்லயே எறக்குறீகளே!" என்பார். வார்டே சிரிக்கும். காது மடல் சிவக்கும்.

செவந்தி சிரிக்க மாட்டாள். சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். குமிழ் தோலில் படும்போது சில்லென்றிருக்கும். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பான். அந்தப் பச்சை வெளிச்சம் கண்ணாடியில் விழும். எண்ணைக் கேட்கும்வரை இவள் நெஞ்சு திக்திக்கென்று அடிக்கும். பயத்தில்தான் அடிக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். வேறெதற்கு அடிக்கப் போகிறது? வியாழக்கிழமை ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்பதற்கு மட்டும் அவளிடம் பதில் இல்லை.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள், டாக்டர் வெளியூர் போயிருந்தார். தங்கமுத்து அளந்தான். மறுபடி அளந்தான். இன்னும் ஒரு தரம் குமிழை எடுத்துத் துடைத்து வைத்து அளந்தான். ரெங்கசாமி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி... எப்படி இருக்கு?"

தங்கமுத்து நிமிர்ந்து செவந்தியின் முகத்தைப் பார்த்தான். அவள் கண்ணில் அப்போது என்ன இருந்ததோ, அவளுக்கே தெரியாது.

"கூடிருச்சுங்க ஐயா" என்றான்.

ரெங்கசாமி தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று தெரிந்தது. செவந்திக்கு வார்டு முழுக்கப் பறக்கலாம் போலிருந்தது. டாக்டர் வந்து பார்க்கட்டும் என்று அவளால் எப்படிப் பொறுக்க முடியும்? மறுநாள் காலை, யாரும் பார்க்காத நேரமாக, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தரையில் ஊன்றி உடம்பை அதன்மேல் ஏற்றினாள்.

அவள் போட்ட அலறலில் மலையாண்டி கையிலிருந்த பால் சொம்பு கீழே விழுந்தது.

டாக்டர் இன்னாசி வந்து படம் எடுத்துப் பார்த்தார். "எலும்பு நகரலம்மா, கர்த்தர் காப்பாத்தினாரு. ஆனா கூடிக்கிட்டு இருந்த எளம் எலும்பு விரிஞ்சிருக்கு. பொங்கல் கழியட்டும். அப்பவும் கூடலைன்னா மதுரைதான். யாரு உன்னை ஊனச் சொன்னா?"

செவந்தி வாயைத் திறக்குமுன் ரெங்கசாமி சொன்னார். "வரட்டும் அந்த ஆளு... அவன் கால ஒடிக்கிறேன்."

"ஒடிச்சா அவனே அளந்துக்கிருவான்" என்றாள் செவந்தியைப் பெற்ற ஆத்தா அழகம்மாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு அன்றைக்கே ஓடிவந்தான் தங்கமுத்து. மழையில் நனைந்து, கண்ணாடியெல்லாம் தண்ணீராக, வாசலிலேயே நின்றான். செவந்தி அப்பாவைக் கையமர்த்தினாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நேத்து எத்தனை தடவை அளந்தீங்க?"

"...நெறைய தடவைங்க."

"எந்த எண்ணை வெச்சு கூடிருச்சுன்னு சொன்னீங்க?"

அவன் தலை குனிந்தது. "கடைசியா வந்ததை. அது நல்லா வந்துச்சு."

"மத்ததெல்லாம்?"

"...கை சரியா படலைன்னு... தள்ளிட்டேன்."

முளைக்குச்சியை ரெண்டடி தள்ளி அடிக்காததற்குக் கால் ஒடிந்து கிடக்கிறவள் அவள். அவள் காலை அளக்க வந்தவன், நல்லது வரும்வரை இடத்தை மாற்றி மாற்றி அடித்திருக்கிறான்!

"நல்லா வந்ததை வெச்சுக்கிட்டீங்க... வராததைத் தூக்கிப் போட்டுட்டீங்க. ஏன் சார்? ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

"நீங்க... உங்க முகத்தைப் பார்த்தேன். அப்ப..."

"முகத்தைப் பார்த்து எலும்பை அளக்குற மெஷினா அது? போங்க சார். தயவுசெஞ்சு போயிருங்க."

போய்விட்டான். பெட்டியையும் தூக்கிக்கொண்டு திருச்சி பஸ் ஏறிவிட்டான் என்று மலையாண்டி வந்து சொன்னான்.

அப்பாடா என்றிருந்ததா? அதுதான் இல்லை. வியாழக்கிழமை வந்தது. வராந்தா மூலை காலியாகக் கிடந்தது. விளக்கெண்ணெய்ப் புட்டி மட்டும் அலமாரியில் இருந்தது. அதைப் பார்த்தால் கோபம் வர வேண்டும்... அழுகை வந்தது. சீ, என்ன வெட்கங்கெட்ட மனசு இது! தப்புச் செய்தவன் அவன், ஏங்குகிறவள் நானா? இப்படியே மார்கழி போயிற்று. ராத்திரி பனி, பகல் பயம். காலுக்குள் என்ன நடக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. விரலை அசைத்துப் பார்ப்பாள். வலித்தால் பயம். வலிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

ஆபீஸிலிருந்து ஒரு ஆள் வந்து நலம் விசாரிக்கிற மாதிரி விசாரித்துவிட்டு, "தை கடைசிவரை ஆபீசர் சார் பொறுத்துப் பார்ப்பாருங்க... அதுக்கு மேல அவரால முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொங்கல் கழிந்த வாரம், டாக்டர் அவள் கட்டிலருகே வந்து தொண்டையைச் செருமினார். "அந்தத் தம்பி தங்கமுத்து வந்திருக்காரு. எங்கிட்டயும் வந்து சொன்னாரு, தள்ளிவெச்ச கதையெல்லாம். மெஷின் பேர்ல தப்பு இல்ல டாக்டர், என் பேர்லதான்னாரு. ஒங்கப்பா கால்ல வேற விழப் போனாரு. இன்னைக்குக் கட்டைப் பிரிச்சுப் படம் எடுக்கிறோம். படம் மட்டும் பார்த்தா எனக்கே சில சமயம் நிச்சயமாத் தெரியறதில்ல. அவரும் அளந்தா நல்லது. ஆனா நீ வேண்டாம்னா வேண்டாம்."

செவந்தி அப்பாவைப் பார்த்தாள். ரெங்கசாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "கால்ல விழ வந்தவன என்னத்த ஒடிக்கிறது..." என்று முனகினார்.

"அளக்கட்டும் டாக்டர்" என்றாள். "ஆனா எது என் கால்னு அவருக்குத் தெரியக்கூடாது."

"அதெப்படிம்மா?"

அவள் சொன்னாள். வார்டில் நாலு கட்டில் வரிசையாகப் போட வேண்டும். ரஹீமா பீவி, ஆத்தா, வார்டு ஆயா, இவள். இடுப்புக்கு மேலே தெரியாதபடி குறுக்கே ஒரு நீளத் திரை. ஆபரேஷனுக்குப் போடுகிற ஓட்டைத் துணியை எல்லாக் காலிலும் போர்த்தி, ஓட்டை வழியாகத் தோல் கொஞ்சம் மட்டும் தெரிய வேண்டும். எல்லாருக்கும் ஒரே தூரத்தில் சிஸ்டர் ஊதா மருந்தால் ரெண்டு பொட்டு வைக்க வேண்டும். ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு காலும் அளக்க வேண்டும். இவள் எந்தக் கட்டில் என்பதை அப்பா சீட்டு எடுத்துத் தீர்மானிக்க வேண்டும். வருகிற எண் எல்லாவற்றையும் அவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஒன்றைக்கூடத் தள்ளக்கூடாது.

"ஆத்தீ! மாப்பிள்ளை பார்க்கிறதுக்குக்கூட இம்புட்டுச் சோதனை கெடையாது" என்றார் ரஹீமா பீவி.

"அத்தை, சும்மா இருங்க..." என்றாள் செவந்தி.

கட்டுப் பிரித்த கால் குச்சி மாதிரி இருந்தது. பலகைமேல் வைத்து அசையாமல் கட்டினார்கள். மூன்றாவது கட்டில் என்று விழுந்தது சீட்டு. திரைக்கு அந்தப் பக்கம் பெட்டியை வைத்த தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. அவன் காலடி கேட்டது.

முதல் கட்டில், ரஹீமா பீவி. "யா அல்லா, கூசுதே!" என்று திரைக்குள் ஒரு சிரிப்பு. அந்தப் பக்கமிருந்து அவன் குரல் நிதானமாக வந்தது.

"நாப்பத்தொண்ணு... நாப்பத்தொண்ணு... நாப்பத்தொண்ணரை... நாப்பத்தொண்ணு."

அடுத்த காலும் அப்படித்தான். ரெண்டாவது கட்டில், ஆயா. அவளும் கிளுகிளுவென்று சிரித்தாள். நாற்பத்திரண்டை ஒட்டியே எல்லா எண்ணும் வந்தன. அரை கூட, அரை குறைய. அவ்வளவுதான். செவந்தி மனசுக்குள் கணக்குப் போட்டாள். நல்ல எலும்பு இப்படித்தான் பேசும். ஒரே பேச்சு.

சக்கரம் உருண்டு அவள் கட்டிலுக்கு வந்தது.

மூச்சு விட்டால் தெரிந்துவிடுமோ என்று அவள் மூச்சைக் கட்டிக்கொண்டாள். எண்ணெய் சில்லிட்டது. குமிழ் பட்டது. இடது கால். ஒடிந்த கால்.

"நாப்பத்தி... நாலு."

முருகா.

"நாப்பத்தேழு... நாப்பது... நாப்பத்தாறு... நாப்பத்தி மூணு..."

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எண்கள் தறிகெட்டு ஓடின. ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. அப்படியானால் எலும்பும் ஒட்டவில்லை. மதுரை... இடுப்பு எலும்பு... வேறு யாரோ உட்கார்ந்திருக்கிற அந்த நாற்காலி... மாவுக்கட்டின்மேல் அப்பாவின் கனத்த கை. கண்ணோரம் வழிந்தது காதுக்குள் போயிற்று. துடைக்கவில்லை. துடைத்தால் சத்தம் கேட்கும்.

குமிழ் வலது காலுக்கு மாறியது.

"நாப்பத்தொண்ணு... நாப்பத்தஞ்சு..."

அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

"முப்பத்தொன்பது... நாப்பத்தி நாலு... நாப்பது..."

அழுகை பாதியில் நின்றது.

என்ன இது? வலது கால் என்ன பாவம் செய்தது? அது ஒடியவே இல்லையே! கிணற்றுச் சரிவில் அது ஒரு சிராய்ப்புக்கூட வாங்கவில்லையே! அது ஏன் தறிகெட்டு ஓடுகிறது?

சக்கரம் நாலாவது கட்டிலுக்குப் போயிற்று. ஆத்தா கால். "நாப்பத்தி மூணு... நாப்பத்தி மூணு... நாப்பத்தி ரெண்டரை..." மறுபடி ஒரே பேச்சு. அடங்கிய, நல்ல பிள்ளைப் பேச்சு.

செவந்தி கண்ணைத் திறந்து மேலே சுற்றாமல் நின்ற மின்விசிறியையே பார்த்தாள். மெஷின் அதேதான். எண்ணெய் அதேதான். பொட்டுக்குப் பொட்டுத் தூரமும் அதேதான். எல்லாக் கட்டிலிலும் அடங்கிக் கிடந்த எண், இவள் கட்டிலில் மட்டும், ஒடிந்த கால் ஒடியாத கால் என்ற பேதமில்லாமல் ஆடியிருக்கிறது. அப்படியென்றால் ஆடியது எலும்பு இல்லை.

கை ஆடினா எண்ணும் ஆடிரும்.

நெஞ்சில் என்னமோ குப்பென்று ஏறியது. அவனுக்குத் தெரிந்துவிட்டது! திரை போட்டும், துணி போர்த்தியும், சீட்டுக் குலுக்கியும்... எப்படியோ தெரிந்துவிட்டது.

"டாக்டர்!" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "மூணாவது கட்டிலைத் திரும்ப அளக்கணும். சிஸ்டர் குமிழைப் பிடிக்கட்டும். நீங்க பச்சைத் திரையைப் படிங்க. அவர்... அவர் வெளியில நிக்கட்டும்."

அந்தப் பக்கம் குமிழ்களைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு காலடிகள் வராந்தாவுக்குப் போயின. கதவு சாத்தப்பட்டது.

சிஸ்டரின் கை உரலில் மாவு ஆட்டுகிற கை மாதிரி உறுதியாக இருந்தது. குமிழை வைத்தாள். டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"இடது. நாப்பத்தி ரெண்டு... நாப்பத்தி ரெண்டரை... நாப்பத்தி ரெண்டு. என்னம்மா, அசையாம நிக்குதே... நாப்பத்தி ரெண்டு."

"வலது?"

"நாப்பத்தொண்ணு... நாப்பத்தொண்ணு... நாப்பத்தொண்ணரை."

டாக்டர் ஈரம் காயாத எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்த நேரத்தில் செவந்தி செத்துப் பிழைத்தாள்.

"படமும் பெட்டியும் ஒண்ணையேதான் சொல்லுது" என்றார் கடைசியில். "கூடிருச்சு. இந்தத் தடவை நான் சொல்றேன். ஆனா கக்கத்துல கட்டையை ஊனித்தான் நடக்கணும். ஒடனே கெணத்து மேட்டுல ஏறாத தாயி."

அழகம்மாள் ஓவென்று அழுதுவிட்டாள். ரஹீமா பீவி ஒற்றைக் கையை ஏந்தி ஏதோ ஓதினார். ரெங்கசாமி மகளின் கால் பக்கம் வந்து நின்றார். தொடுவதற்குப் பயந்து, பலகையைத் தடவிக்கொடுத்தார்.

"அப்பா..." என்றாள் செவந்தி. "என்னை அந்த நாற்காலியில வெச்சு வராந்தாவுக்குத் தள்ளிட்டுப் போகச் சொல்றீங்களா?"

ரெங்கசாமி அவள் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, மலையாண்டியைக் கூப்பிட்டார்.

வராந்தாக் கோடியில், முதல் நாள் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். தையின் இளவெயில் தூண் தூணாக விழுந்திருந்தது. சக்கரச் சத்தம் கேட்டுத் திரும்பியவன் முகம் வெளிறிக் கிடந்தது. மலையாண்டி நாற்காலியை நிறுத்திவிட்டு, இந்தத் தடவை யாரும் சொல்லாமலே டீ குடிக்கப் போனான்.

"கூடிருச்சு" என்றாள்.

அவன் தூணைப் பிடித்துக்கொண்டான். கண்ணாடியைக் கழற்றினான். அந்தக் கண்கள் நிறைந்து வழிந்தன, அவன் மறைக்கவில்லை.

"எப்படித் தெரிஞ்சுது, நான் மூணாவது கட்டில்னு?"

"தெரியக்கூடாதுன்னுதாங்க நெனச்சேன்... பொட்டைத் தவிர எதையும் பார்க்கலை." அவன் குரல் உடைந்திருந்தது. "மொதக் கட்டில்ல சிரிப்பு. ரெண்டாவதுல சிரிப்பு. மூணாவதுல... மூச்சே இல்ல. இம்புட்டுப் பயத்தை மூச்சுக்கூட விடாம யாரு அடக்குவான்னு எனக்குத் தெரியாதா? அதுக்கப்புறம் கை என் பேச்சைக் கேக்கலை."

வேப்பமரத்தில் ஒரு அணில் கத்திவிட்டு ஓய்ந்தது.

"உங்க ஆராய்ச்சியில என் காலைச் சேர்ப்பீங்களா?"

"மாட்டேங்க. தள்ளிட்டேன்."

"மறுபடியுமா?"

"இது அந்தத் தள்ளல் இல்லைங்க..." தரையைப் பார்த்தான், பிறகு துணிந்து அவள் கண்ணைப் பார்த்தான். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் தள்றேன். அளக்குறவனுக்கு எந்தக் கால் மேல உசுரோ, அந்தக் காலை அவன் கணக்குல சேர்க்கக்கூடாது. மொத நாள் நீங்க டெய்லரான்னு கேட்டீங்களே... அன்னைக்கே தள்ளியிருக்கணும். தள்ளுனா வியாழக்கிழமை உங்களைப் பார்க்க முடியாதேன்னு தள்ளாம விட்டேன். என் தப்பு அதுதான்."

காது மடல் ரெண்டும் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. செவந்திக்குத் தன் காதும் அப்படித்தான் இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

"கெணத்துச் சரிவுல நம்பர் விழுந்தப்ப" என்றாள் மெதுவாக, "ரெண்டடி தள்ளி அடிச்சிருந்தா எனக்குக் கால் ஒடிஞ்சிருக்காது. இந்த வராந்தாவுக்கும் வந்திருக்க மாட்டேன்."

"ஆமாங்க..."

"ஆனா விழுந்த எடத்துல முளை அடிச்சுத்தான் எனக்குப் பழக்கம். அடிச்சதுக்கப்புறம் பிடுங்கி வேற எடத்துல நட எனக்குத் தெரியாது." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "புரியுதா தங்கமுத்து?"

சார் எங்கே போயிற்று என்று அவன் திகைத்தான். பிறகு புரிந்தது. ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்தது.

வார்டு வாசலிலிருந்து ரெங்கசாமியின் குரல் கேட்டது. வேண்டுமென்றே கொஞ்சம் முன்னாலேயே இருமிவிட்டுத்தான் கூப்பிட்டார்.

"ஏம்மா... திருச்சி பஸ்ஸுக்கு நேரமாச்சாம். அந்தத் தம்பி பொட்டியத் தூக்கிட்டுக் கெளம்புறாராமா, இருக்காராமா?"

செவந்தி அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

"இருக்காருப்பா" என்றாள்.